ஆயாவும் பேரப்பிள்ளையும் ஒரே பாயில்: லுத்தரன் சபையில் எல்லா வயதினருக்குமான ஞானோபதேச வகுப்பு நடத்துவது எப்படி

"கண்ணாடி எடுத்துனு வரலப்பா" என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆம்பூர் பக்கத்தில் எங்கள் சபையில் பெரியவர்களுக்கு வேதவகுப்பு தொடங்கிய முதல் ஞாயிறு அது. வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் சொன்னேன். அவர் முறை வந்ததும் கண்ணாடி இல்லை என்றார். அடுத்த வாரமும் கண்ணாடி இல்லை. அதற்கடுத்த வாரம் அவரே இல்லை. மருமகளிடம் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருக்குக் கண்ணில் கோளாறும் கிடையாது, வீட்டில் கண்ணாடியும் கிடையாது. எழுத்து தெரியாது, அவ்வளவுதான். இத்தனைக்கும் பத்துக் கற்பனைகளும், அதாவது பத்துக் கட்டளைகளும், நம் விசுவாசத்தைச் சுருக்கிச் சொல்லும் விசுவாசப்பிரமாணமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் வைத்த வகுப்பில் அவருக்குத் தெரியாததை மட்டும் கேட்டிருக்கிறேன். தெரிந்ததைக் கேட்கவே இல்லை.

இந்த வழிகாட்டி அந்தத் தவறிலிருந்து எழுந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருவண்ணாமலைப் பக்கத்துச் சபைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், ஏன் இந்த வேலை

நம் சபைகளில் திடப்படுத்தல், அதாவது ஞானோபதேசம் படித்து முடித்த பிள்ளைகள் சபை முன் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடும் சடங்கு, கிட்டத்தட்ட ஒரு வழியனுப்பு விழா. வெள்ளை உடை, போட்டோ, வீட்டில் பிரியாணி. அன்றோடு, விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி-பதிலாகச் சொல்லும் ஞானோபதேசப் புத்தகம் பரணுக்குப் போய்விடும். ஓய்வுநாள் பள்ளி பிள்ளைகளுக்கு, வாலிபர் சங்கம் வாலிபருக்கு, பெண்கள் சங்கம் பெண்களுக்கு. நாற்பது வயது ஆணுக்குக் கமிட்டித் தேர்தல் ஒன்றுதான் பாக்கி.

நம் சபைகளுக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் இப்படி யோசிக்கவில்லை. 1528-ல் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போனவர், கிராமத்து ஜனங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, போதகர்களில் பலருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியவில்லை என்று நொந்துபோய்த் திரும்பினார். அடுத்த வருஷம், 1529-ல், சிறிய ஞானோபதேசம் வந்தது. அதில் தலைப்புகளைப் பாருங்கள்: ஒரு குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகச் சொல்லித்தரும் விதம் என்று இருக்கும். அது வகுப்பறைக்கென்று எழுதிய புத்தகம் இல்லை, வீட்டுக்கென்று எழுதியது. கட்டளைக்குக் கட்டளை, கர்த்தருடைய ஜெபத்தில் விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் "இதற்கு அர்த்தம் என்ன?" என்று கேட்டுக்கொண்டே போகிறது. ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல வேண்டும். ஆக, ஒரு வீட்டில் குறைந்தது இரண்டு தலைமுறை இல்லாமல் அந்தப் புத்தகம் ஓடாது.

"அதெல்லாம் சின்ன வயசிலேயே படிச்சிட்டோம்" என்று சொல்கிற பெரியவர்களுக்கு ஒரு பதில் கையில் இருக்கட்டும். பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரையில் லுத்தர், தான் இத்தனை படித்தும் தினமும் காலையில் பத்துக் கற்பனை, விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகியவற்றைக் குழந்தை மாதிரி வார்த்தைக்கு வார்த்தை சொல்வதாகவும், ஞானோபதேசத்தின் முன்னால் தான் இன்னும் மாணவனே என்றும் எழுதியிருக்கிறார்.

நம் மண்ணிலும் முன்மாதிரி உண்டு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, உள்ளூர் வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். படித்த ஜெர்மானியர், சின்னப் பசங்களுக்கு நடுவில். அவர் தமிழாக்கிய முதல் சில நூல்களில் லுத்தரின் ஞானோபதேசமும் ஒன்று. நம் பக்கத்துச் சபைகளுக்கு அது வேறு கைகள் வழியாக வந்தது. கிருஷ்ணகிரியில் 1895-ல் தொடங்கிய, அமெரிக்க லுத்தரன்களின் மிசௌரி மிஷன் ஆம்பூர், வாணியம்பாடி என்று பரவி இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆனது. டேனிஷ் மிஷனின் ஊழியம் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது. அதன் ஊர்களில் ஒன்றான திருவண்ணாமலை 1989 வரை வட ஆற்காடு மாவட்டம்தானே. வழி இரண்டானாலும் புத்தகம் ஒன்று.

படி 1: இரண்டு வாரம் வீடு வீடாகப் போங்கள்

படிவம் அடித்துக் கொடுக்க வேண்டாம். போங்கள், டீ குடியுங்கள், மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். யார் எப்போது வீட்டில் இருக்கிறார்கள்? யாருக்கு என்ன மனப்பாடம்? யாருக்கு எந்த மொழி வாசிக்க வரும்?

மூன்றாவதை நேராகக் கேட்கக்கூடாது. "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா" என்ற கேள்வி எந்த ஆயாவையும் வகுப்புக்குக் கூட்டிவராது. "உங்களுக்கு யார் ஜெபம் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேளுங்கள். பதிலில் எல்லாம் வந்துவிடும். போர்டிங் பள்ளியில் படித்தவரா, மாமியார் வாயால் கேட்டுக் கற்றவரா, கல்யாணத்துக்கு அப்புறம் ஞானஸ்நானம் எடுத்தவரா என்று தெரியும்.

ஒன்று கவனித்தேன். எழுத்து தெரியாத ஆயாவைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பேரனுக்கும் தமிழ் வேதாகமம் வாசிக்க வரவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. அவன் எழுத்துக்கூட்டித் திணறுவான், அர்த்தமும் புரியாது. ஒருவருக்கு நெஞ்சில் பாடம் இருக்கிறது, எழுத்து இல்லை. இன்னொருவனுக்கு எழுத்து கொஞ்சம் இருக்கிறது, பாடம் இல்லை. இந்த இரண்டு குறையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைப்பதுதான் நம் வகுப்பு.

படி 2: போதகரிடமும் கமிட்டியிடமும் பேசுங்கள்

இதில் நீட்ட ஒன்றுமில்லை. போதகர் ஐயாவின் சம்மதமும் மேற்பார்வையும் வேண்டும். ஆனால் வாரா வாரம் அவரே நடத்தினால் அது இன்னொரு பிரசங்கமாகிவிடும். மாதம் ஒருமுறை வந்து, சேர்த்துவைத்த கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். கமிட்டியிடம் பணம் கேட்காதீர்கள், டீச்செலவைத் தவிர. பணம் கேட்டால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சண்டை வரும்.

படி 3: நேரமும் இடமும்

எல்லா வயதினருக்குமான இந்த வகுப்புக்கு நான் முதலில் வைத்த நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களை வேன் வந்து தெருமுனையில் இறக்கிவிடவே ஏழாகும். அப்புறம் தண்ணீர், சமையல், பிள்ளைக்கு வீட்டுப்பாடம். வந்தவர்கள் எல்லாரும் ரிட்டயர் ஆன ஆண்கள். அவர்களில் இரண்டு பேர் வாத்தியார்கள். யார் பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு நாற்பத்தைந்து நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது, வீட்டில் உலை காத்திருக்கும். முதல் ஞாயிறு திருவிருந்து இருப்பதால் நேரம் இழுக்கும், அதனால் விட்டுவிட்டோம். ஓவர்டைம் ஞாயிறுகளில் கூட்டம் குறையும். அதற்காக வகுப்பை ரத்து செய்யாதீர்கள். நான்கு பேர் இருந்தால் நடத்துங்கள்.

இதோடு மாதம் ஒருமுறை தெரு வகுப்பும் உண்டு, யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில். குடியாத்தம், வேலூர்ப் பக்கம் பீடி சுற்றும் அம்மாக்கள் மடியில் முறத்தோடு வருவார்கள். வரட்டும். கை அங்கே இருந்தாலும் காது இங்கே இருக்கும். கோயிலுக்குள் முறம் வேண்டாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். சரி என்று விட்டுவிட்டோம்.

உட்காருவதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாருக்கும் பாய் போட்டால் முட்டிவலிக்காரர்கள் வெளியே நிற்பார்கள், எல்லாருக்கும் நாற்காலி போட்டால் அது மீட்டிங். பாதிக்குப் பாதி போடுங்கள்.

படி 4: ஒரே வாசகம்

சொல்லிக்கொடுப்பவர் ஒரே வாசக வடிவத்தைத் தேர்ந்து அதையே விடாமல் பிடிக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு விதமாகச் சொன்னால் சிறுவரும் எளியவரும் குழம்பிவிடுவார்கள் என்று லுத்தர் சிறிய ஞானோபதேசத்தின் முன்னுரையில் சொல்கிறார். ஐந்நூறு வருஷம் கழித்தும் இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. ஆயாவுக்குத் தெரிந்தது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே". அதையே வையுங்கள். புது மொழிபெயர்ப்பு விளக்கத்துக்கு வரட்டும், மனப்பாடத்துக்கு வேண்டாம்.

கற்பனைகளின் எண்ணிக்கையையும் முதல் மாதமே தெளிவாக்கிவிடுங்கள். வேலூரில் நம் வீடுகளில் பாதிப்பேருக்கு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சம்பந்தம். பிள்ளைகள் வேறு சபைப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே விக்கிரகத்தைப் பற்றியது தனிக் கட்டளை, அதனால் "களவு செய்யாதிருப்பாயாக" எட்டாவது. நமக்கு அது முதல் கட்டளையோடு சேர்ந்தது, அதனால் களவு ஏழாவது. இச்சையைப் பற்றியது ஒன்பது, பத்து என்று இரண்டாகும். ஒரு சித்தியும் அக்கா மகளும் இதற்காக அரைமணி நேரம் வாதாடியதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேர் சொன்னதும் சரி. வேதாகமத்தில் நம்பர் போட்டிருக்கவில்லை.

படி 5: ஜோடி சேர்ப்பது

எங்கள் வகுப்பில் சட்டம் ஒன்றே ஒன்று: சுற்றிவர வாசிக்கச் சொல்வது கிடையாது. வாசிப்பது சிறுசுகளின் வேலை, சொல்வது பெரியவர்களின் வேலை.

ஒரு பெரியவர், ஒரு இளையவர். முதல் ஆறு வாரம் சொந்தப் பேரப்பிள்ளையைச் சேர்க்காதீர்கள். சொந்த ஆயாவிடம் பிள்ளைக்கு விளையாட்டு, சொந்தப் பேரனிடம் ஆயாவுக்கு அதட்டல். பக்கத்து வீட்டு ஆயாவிடம் இரண்டு பேருக்கும் மரியாதை வந்துவிடும். எல்லா ஜோடியும் ஒரே கூடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி உட்காரட்டும். தனி அறை வேண்டாம். இது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. யார் மேலும் சந்தேகத்தால் அல்ல.

திடப்படுத்தலுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் இதில் சேருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவர் துணை, திடப்படுத்தல் முடிந்து ஒரு வருஷம் வரைக்கும்.

முதல் வகுப்பில் தொலைந்த அந்த அம்மாவை இப்படித்தான் திரும்பக் கூட்டிவந்தோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கற்பனை மனப்பாடம் ஆகவில்லை, நீங்கள் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டோம். வந்தார். அவன் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வாசிக்க, புத்தகமே இல்லாமல் அவனைத் திருத்திக்கொண்டிருந்தார்.

படி 6: ஒரு வகுப்பு, ஆரம்பம் முதல் முடிவு வரை

கர்த்தருடைய ஜெபத்தின் நான்காவது விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம்: "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்."

முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து ஜெபம். புத்தகம் மூடியிருக்கட்டும்.

அடுத்த பத்து நிமிடம் ஜோடிகளுக்கு ஒரு கேள்வி: இன்று காலை நீங்கள் சாப்பிட்டது தட்டுக்கு வந்து சேர யார் யார் வேலை செய்தார்கள்? இட்லியிலிருந்து பின்னோக்கிப் போவார்கள். அரிசிக்கடை, லாரி, ஆரணிப் பக்கத்து நெல், நாற்று நட்ட பெண்கள். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவார்கள். பெரியவர்கள் "எங்க காலத்துல கேழ்வரகுக் களிதான்" என்று ஆரம்பிப்பார்கள். தடுக்காதீர்கள்.

பிறகு ஒரு பையன் லுத்தரின் விளக்கத்தை மெதுவாக வாசிக்கிறான். ஆகாரம் என்றால் என்ன என்பதற்கு அவர் ஒரு நீண்ட பட்டியல் தருகிறார்: உணவு, பானம், உடை, பாதரட்சை, வீடு, நிலம், ஆடுமாடு, பணம், நல்ல துணை, நல்ல பிள்ளைகள், நல்ல அரசாங்கம், நல்ல பருவநிலை, சமாதானம், உடல்நலம், நல்ல நண்பர்கள், உண்மையான அயலார். ஒவ்வொன்றுக்கும் நிறுத்த வேண்டும். இந்த வாரம் அதற்காக ஜெபித்தவர்கள் கை தூக்க வேண்டும்.

பாதரட்சை என்று வந்ததும் சிரிப்பு வந்தது. "செருப்புதான், ஷூதான்" என்றேன். ஆம்பூரில் அதைச் சும்மா கடந்துபோக முடியாது. பாதி வீட்டில் யாராவது தோல் வெட்டுகிறார்கள், ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைக்கிறார்கள், பேக்கிங்கில் நிற்கிறார்கள். தையல் லைனில் இருக்கும் ஒரு பெண் கை தூக்கினார். "தினம் ஊர் பேர் தெரியாத பிள்ளைங்களுக்கு ஷூ தைக்கிறேன் அண்ணா. எம்பொண்ணுக்கு ஸ்கூல் ஷூ வாங்க சம்பளத் தேதி பார்த்துனு இருக்கேன்." அந்த இடத்தில் நடத்துகிறவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு உடனே ஒரு வசனம் சொல்லத் தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தாத்தா, "லுத்தர் ஐயா சோத்துக்கு அடுத்தே செருப்பை எழுதியிருக்கார்னா, அவர் ஊர்லயும் யாரோ வெறுங்கால்ல நடந்திருப்பாங்க" என்றார். இதைவிட நல்ல விளக்கவுரையை நான் வாசித்ததில்லை.

'நல்ல பருவநிலை'க்குப் பாலாறு வந்தது. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த கதையைப் பெரியவர்கள் சொன்னார்கள். அந்த ஆற்றையா குடித்தீர்கள் என்று பிள்ளைகள் நம்பவே இல்லை. 'உண்மையான அயலா'ருக்கு, ரம்ஜான் மாதத்தில் பக்கத்து வீட்டு பாய் அனுப்பும் நோன்புக்கஞ்சி.

கடைசி பத்து நிமிடம் பிள்ளைகளின் கேள்விக்கு. ஒரு சிறுமி கேட்டாள்: "கெட்டவங்களுக்கும் சோறு கிடைக்குதே, கேக்காமலேயே குடுக்கிறார். அப்புறம் எதுக்கு ஜெபம்?" ஆட்கள் திருதிருவென்று விழித்தார்கள். புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். லுத்தரும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார். நாம் கேட்காவிட்டாலும், பொல்லாதவர் உட்பட எல்லாருக்கும் கடவுள் ஆகாரம் தருகிறார். அவரே தருகிறார் என்று நாம் உணர்ந்து நன்றியோடு வாங்கிக்கொள்ளத்தான் இந்த ஜெபம். பிள்ளை கேட்ட பிறகு வாசித்ததால் அந்தப் பதில் ஒட்டிக்கொண்டது. நானாக முதலிலேயே சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும்.

முடிவில் வீட்டுக்கு ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று. அன்று கொடுத்தது: நம் வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், ஏன்?

படி 7: பெரியவர்கள் மட்டும்

எல்லாவற்றையும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேச முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரியவர்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு வையுங்கள். ஏழாம் கற்பனையோடு வட்டிக்கடனும் குழுக்கடனும் வரும். ஆறாவதோடு குடி, அடி, சந்தேகம். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதில் நகையும் சாதியும் எப்படி நுழைகின்றன என்பதையும் இங்கேதான் பேச வேண்டும். பிரசங்க பீடத்திலிருந்து சொன்னால் யாருக்கோ சொல்வது மாதிரிக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், தெரிந்ததுதானே என்று விடாதீர்கள்.

சண்டை போட ஆசையாக இருந்தால் எட்டாம் கற்பனையை எடுங்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதற்கு லுத்தர் பொய்யைத் தடுப்பதோடு நிற்பதில்லை. பிறனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லது சொல், எல்லாவற்றையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்கிறார். இதைப் படித்த வாரம் எங்கள் சபை வாட்ஸ்அப் குழு நான்கு நாள் அமைதியாக இருந்தது. ஐந்தாம் நாள் பழையபடி.

படி 8: வராதவர்களுக்கு

இந்தப் பக்கத்து ஆண்கள் பலர் பெங்களூரில் வேலை செய்கிறார்கள், வாரக்கடைசியில்தான் ரயிலேறி வருவார்கள். அவர்களுக்குப் பிரசங்கம் அனுப்பாதீர்கள், கேட்க மாட்டார்கள். ஆயாவும் பிள்ளையும் கேள்வி-பதிலாகச் சொல்வதை ஒரு நிமிடக் குரல்பதிவாக அனுப்புங்கள். மகள் குரலில் "இதற்கு அர்த்தம் என்ன?" என்று வந்தால் எந்த அப்பாவும் கேட்பார்.

படி 9: வருஷ ஓட்டம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து நான்கு ஞாயிறும் விசுவாசப்பிரமாணம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் மாலைக் கூட்டங்களுக்கு ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து. அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாளுக்கு லுத்தர் கதையைப் பிள்ளைகள் நடிக்கட்டும். அறுப்பின் பண்டிகைக்கு மறுபடி நான்காவது விண்ணப்பம், ஏலத்துக்கு வந்த பூசணிக்காயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் வகுப்பு வேண்டாம், வேலூர் வெயில் தெரிந்ததுதான். ஆனால் விடுமுறை வேதாகமப் பள்ளியில் தாத்தா ஆயாக்களைச் சமையலுக்கு மட்டும் கூப்பிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். யோசுவா நாலாம் அதிகாரத்தில் பிள்ளைகள் "இந்தக் கற்கள் ஏது" என்று கேட்பார்கள் அல்லவா, அந்த மாதிரி ஒரு நாள் வையுங்கள். ஒவ்வொரு பெரியவரும் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரட்டும். எங்களிடம் வந்தவை: அட்டை கிழிந்த ஞானப்பாட்டுப் புத்தகம், ஒரு ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாண போட்டோ, இறந்துபோன மகனின் ஓய்வுநாள் பள்ளிப் பரிசு. கடைசிப் பொருளுக்கு அன்றைய நேரம் முழுவதும் போனது.

படி 10: நோட்டு

பரீட்சை வைக்காதீர்கள், மார்க் போடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அதில் வந்தவர் எண்ணிக்கை வேண்டாம்; அன்று யார் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதுங்கள். போதகர் மாதம் ஒருமுறை வரும்போது இந்த நோட்டைத்தான் பார்ப்பார். ஆறு மாதம் ஆனதும் நோட்டை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் பாயில் போய் உட்காருங்கள். எங்களிடம் இப்போது அது அந்தத் தையல் லைன் பெண்ணிடம் இருக்கிறது. போன வாரம் முதல் வேலையாக என்னையும் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனோடு ஜோடி சேர்த்துவிட்டார். எனக்கு ஐந்தாம் விண்ணப்பத்தின் விளக்கம் பாதியில் மறந்துபோனது. அவன்தான் எடுத்துக்கொடுத்தான்.